நறுந்தூம்பூரின் நல்ல தண்ணீர்

மழை பிழையாது பொழிக. மடைகள் வற்றாது பாய்க. ஏழாறுகளுக்கும் உடையவரும், பகைவரும் வணங்கும் வெண்குடையினரும், குடிகளுக்குத் தாயினும் இனியவருமாகிய ஆழிவளநாட்டுக் கோவேந்தர் மானவிறல் கோச்சாத்தர் திருவடி நீழலுக்கு, நீர்நிலை அமைச்சன் குழைக்காதன் நறுந்தூம்பூரிலிருந்து தெண்டனிட்டு விடுக்கும் ஓலை. தேவரீரின் பல்லக்கு எவ்விடத்தில் வந்துகொண்டிருப்பினும் அவ்விடத்திலேயே நிறுத்தி, இதனை முழுவதும் வாசிக்கக் கேட்ட பின்னரே பயணம் தொடர்ந்தருள வேண்டும்.

இச்சிற்றூரின் தெருமுனைகளில், மலையடி ஏரியின் நீர் சுடுமண் குழாய்வழி வந்து கற்சிங்கங்களின் வாயிலிருந்து விழுவதைத் தேவரீர் அறிவீர். அந்நீரைப் புகழ்ந்து ஊரவையார் அரண்மனைக்கு ஓலைமேல் ஓலை விடுத்தனர். முதலில் நன்று என்றனர். பின்னர் மிக நன்று என்றனர். கடைசியில் அமுதம் என்றே எழுதி, உடனே ஆள் அனுப்புமாறு மன்றாடினர். மன்றாடுவானேன் என்று நம் அரசவையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேவரீரும் உள்ளம் குளிர்ந்து, ஊருக்கு நன்னீர்ப்பட்டினம் என்று பெயர் சூட்டவும், விழாவன்று ஊரெல்லையில் முதற்குடத்து நீரைத் திருக்கையால் ஏந்திப் பருகவும் இசைந்தருளினீர். அவ்வேற்பாடுகளைக் கவனிக்கவே குழைக்காதன் முன்னதாக வந்தான்.

வந்தவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிங்கத்தின் வாயிலிருந்து விழுந்த நீர் மஞ்சளாய் இருந்தது. முகர்ந்தால் குதிரைக் கொட்டில் நாறியது. பயணக் களைப்பில் தன் மூக்குத்தான் கெட்டுப்போயிற்று என்று முதலில் எண்ணினான். ஊருக்கு வெளியே உவர்க்கேணியிலிருந்து குடம் சுமந்து வந்த பெண்ணொருத்தியை நிறுத்தி, தெருவிலேயே தண்ணீர் கொட்டும்போது இவ்வளவு தொலைவு ஏன் நடக்கிறாய், சிங்கத்து நீருக்கு என்ன குறை என்று வினவினான். ஒரு குறையும் இல்லை ஐயா, அமுதமாய் இருக்கிறது என்று கூறி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் விரைந்து போய்விட்டாள்.

ஊரவைத் தலைவர் தாழிமாறனாரிடம் போய், நீர் அமுதம் எனில் ஊரில் ஒருவரும் ஏன் அதைத் தொடுவதில்லை என்று கேட்டான். அமுதமாய் இருக்கும்போது யார் ஐயா குடிப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அரசனின் ஆளிடம் கேலி பேசவும் ஓர் அளவுண்டு என்று குழைக்காதன் சீறினான். அந்தப் பெரியவரோ சினவாமல், எழுத்தறியாதவனைப் பார்ப்பதுபோல் அவனை இரக்கத்தோடு பார்த்தார். அப்பார்வை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது, ஆயினும் விளங்கியபாடில்லை.

மறுநாள் காலை நங்கைச்சி என்னும் குயத்தி அவன் தங்கிய மனைக்கு ஓடிவந்து, தன் மகன் சிங்கத்து நீரைக் குடித்துச் சுகமாய்க் குளிர்ந்து கிடப்பதாகவும், அமைச்சர் வந்து காண வேண்டும் என்றும் வேண்டினாள். வாழ்த்துக்கு அழைக்கிறாள் என்று எண்ணிக் கையில் பழத்தோடு போனான் அந்த அறிவாளி. பிள்ளையின் கண்கள் குழிவிழுந்திருந்தன, உதடு வெடித்திருந்தது, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஓயாத வயிற்றுப்போக்கு. இதற்குமேல் நான் எப்படி ஐயா சொல்லுவேன் என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கோவே, இவ்வூரார்க்கு நீர் என்பது தூம்புடையாள் என்னும் அவர்கள் அம்மை. அம்மையைக் கெட்டவள் என்று எந்த வாய் சொல்லும்? ஆகவே நீர் கெட்டால் நன்று என்பர். மேலும் கெட்டால் மிக நன்று என்பர். உயிருக்கு ஆபத்தானால் அமுதம் என்பர். நாமும் விளக்கை அணை என்னாமல் குளிரவை என்கிறோம். இடுகாட்டை நன்காடு என்கிறோம். அவர்கள் தண்ணீருக்கும் அதையே செய்தார்கள். அவர்கள் அலறியதை நாம் பாராட்டு என்று வாசித்தோம்.

கேட்டுக்கு மூலமும் தெரிந்தது. தேவரீரின் குதிரைப்படைக்கென்று ஏரிக்கரையில் புதிதாய் எழுப்பிய கொட்டிலின் கழிவு, அதன் கீழே விரிசல்கண்ட குழாயில் இறங்குகிறது. குழைக்காதன் தலைமடையை அடைத்தான்; குதிரைகளை அகற்றினான்; குழாயைத் தோண்டி மாற்ற ஆள் வைத்தான்; கேணிநீரையும் காய்ச்சியே குடிக்குமாறு பறையறைவித்தான். மருத்துவர் நங்கைச்சியின் வீட்டிலேயே இருக்கிறார். பிள்ளை கஞ்சிநீர் பருகுகிறான். பிழைப்பான் என்று அவர் சொல்லவில்லை, பிழைக்கமாட்டான் என்றும் சொல்லவில்லை. மடையை அடைத்தபோது ஊரார் திரண்டு, இவ்வளவு நல்ல அமைச்சரை நாங்கள் கண்டதேயில்லை என்று வாழ்த்தினர். அது எந்த நல்லது என்று அவனுக்கு இன்னமும் விளங்கவில்லை, கேட்கவும் துணிவில்லை.

இனிக் கேட்டருள்க. விழாக்குடத்தைப் பூசாரியார் முன்னமே சிங்கத்து நீரால் நிரப்பி வைத்துவிட்டார். அம்மைக்கு வைத்ததைக் கீழே கொட்டுவது இவர்கள் வழக்கில் இல்லை. குழைக்காதன் மிரட்டியும் கெஞ்சியும் பயனில்லை. ஊரெல்லையில் அக்குடத்தை நீட்டி, அமுதம் வேந்தே என்று உரக்கச் சொல்வார்கள். வேந்தர் பருகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவன் தாழிமாறனாரிடம் பதறியதற்கு, அதுதான் அமுதம் என்று சொல்லிவிடுகிறோமே, அரசர் அறியாத தமிழா என்று அவர் வியந்தார். இவர்கள் தேவரீரை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் அவனுக்கு அச்சமாயிருக்கிறது.

குடிகளின் உயிருக்கு இடர் நேர்கையில் அரியணைக்கும் ஆணையிடலாம் என்று தேவரீரே அவன் கையில் அளித்த ஆமை முத்திரையை இன்று முதன்முறையாக இவ்வோலையில் பதித்திருக்கிறான். ஓலையின் கடையில் நலம் என்றும் மங்கலம் என்றும் எழுதுவது மரபு. எழுதினால் அது எப்படி வாசிக்கப்படுமோ என்று அஞ்சி, அவன் அதை எழுதாமல் விடுகிறான். முத்திரையின் ஆணை இது:

தண்ணீர் கெட்டது. குடிக்கக் கூடாது.