சிவப்பி வேறு, தனலட்சுமி வேறு

ஆகஸ்டு 5, திங்கள்

கிளச்சை மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டது. பாச்சாங் ஊரில் ஆட்களை ஏற்றித் தொழிற்சாலையில் இறக்கிவிட்டால், ஷிப்ட் முடியும்வரை பஸ்ஸிலேயே கிடக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குகிறார்கள். நான் டேக் அடுக்குகிறேன்.

என் மகள் கலைமகள் கொடுத்துவிட்டுப் போன வேலை. ‘ஏழாம் லயம்’ என்று டிவியில் ஓர் எஸ்டேட் நாடகம் ஓடிப் பாதியில் நின்றுபோனது. அதைப் பொறுக்காத பிள்ளைகள் மிச்சத்தை ஆளுக்கொரு கதையாக எழுதி ஓர் இணையத்தளத்தில் குவித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கதைக்கும் கீழே அதில் வரும் ஆட்களின் பெயர்கள் இருக்கும். அதுதான் டேக். எஸ்டேட் கங்காணியை ஒருத்தி ‘மண்டோர் தம்புசாமி’ என்று போடுவாள். இன்னொருத்தி ‘தம்பு மண்டோர்’. மூன்றாவது பிள்ளை ‘அந்தப் பாவி மண்டோர்’. எல்லாவற்றையும் ஒரே பெயரில் கட்டிவைக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றை அமுக்கினால் அவன் வரும் கதையெல்லாம் வரும்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது கலை சொன்னாள்: “சும்மாதானே பஸ்ல உக்காந்திருக்கீங்க, பாருங்களேன்பா.” ஒன்பதாம் வகுப்பான ஃபார்ம் த்ரீயோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் இப்போது ஆபிசர்.

இன்னொன்றும் சொன்னாள். “ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கும், போன் லாக்கர்ல கெடக்கும். நீங்க கூப்பிடாதீங்க, நானே கூப்பிடுறேன்.”

அவள் இன்னும் கூப்பிடவில்லை. வேலையாக இருக்கும்.

ஆகஸ்டு 8, வியாழன்

முட்டிக்கு எண்ணெய். மண்டோர் முடிந்தான். போன் வரவில்லை.

ஆகஸ்டு 13, செவ்வாய்

இன்று பெரிய வேலை. ‘சிவப்பி’ என்று ஒரு கட்டு, ‘தனலட்சுமி’ என்று ஒரு கட்டு. இரண்டும் அதே லயத்து வீட்டு வரிசை, அதே வீடு, அதே மாமியார். நாடகத்தை நான் பார்த்ததில்லை, அது ஓடும் நேரம் நான் பஸ் ஓட்டுகிற நேரம். ஆனால் எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு இதுகூடவா புரியாது? ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நான் அங்கமுத்து, லயத்தில் குட்டி. என் மனைவி ஐசியில் இந்திராதேவி. பேரன் எடுக்கும் வயதிலும் ஊருக்கெல்லாம் பாப்பா.

இரண்டையும் ஒன்றாகக் கட்டினேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. ‘ஐசி பேர் வேறு, வீட்டுப் பேர் வேறு’ என்று எழுதினேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆகஸ்டு 14, புதன்

போன் வந்தது! கலை!

“அப்பா, என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க? சிவப்பி வேற, தனலட்சுமி வேற! ஓரகத்திங்கப்பா ரெண்டு பேரும்!”

“ஒரே வீட்டுல இருந்துச்சேம்மா…”

“ஒரு கதையில சிவப்பி அவளக் கெணத்துல தள்ளிவிடுறா. இப்ப டேக்கப் பாத்தா ஒரே பொம்பள தன்னத்தானே தள்ளிக்கிட்ட மாதிரி இருக்கு! எல்லாரும் திட்றாங்க லா!”

நன்றாகத் திட்டினாள். மூச்சு வாங்கத் திட்டினாள். நடுவில் இருமினாள். “சளியாம்மா?” என்றேன். “பேச்ச மாத்தாதீங்க” என்றாள். பிறகு, “ம்ம், ஏர்கோன்பா. சரியாயிரும்” என்றாள். பசியாறினாளா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஆறு வாரத்தில் முதல் போன். வாங்கிய திட்டைப் பாப்பாவிடம் வரிவிடாமல் ஒப்பித்தேன். “திட்டு வாங்கிட்டு இப்படிச் சிரிக்கிற ஆள நா பாத்ததில்ல” என்றாள். பிறகு அவளும் இரண்டு தடவை கேட்டாள், இருமல் எப்படி இருந்தது என்று.

ஆகஸ்டு 20, செவ்வாய்

ஒவ்வொரு கதையாகப் படித்து, இவள் யார், அவள் யார் என்று பிரிக்கிறேன். கட்டுவது ஒரு நொடி. அவிழ்ப்பதற்குள் கண் போய்விடும். சிவப்பி வாயாடி. தனலட்சுமி அழுத்தக்காரி. இவர்களைப் போய் ஒன்றாக்கினேனே, நானும் ஒரு மனிதனா.

ஆகஸ்டு 27, செவ்வாய்

பிரித்து முடித்தேன். இன்று ‘பஸ் டிரைவர்’, ‘டிரைவர் அண்ணன்’ என்று இரண்டு வந்தன. ஒரே ஆள்தான். பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ‘சந்தேகம், கலையைக் கேட்கவும்’ என்று போட்டுவைத்தேன்.

ஆகஸ்டு 29, வியாழன்

பதில் வந்தது. போனில் இல்லை, எழுத்தில். “ஒரே ஆள்பா.”

இரண்டே வார்த்தை. சந்தேகத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

பெரிதாகவே கேட்டேன். டிரைவரின் தம்பி, தம்பியின் மாமனார், கோயில் பூசாரி. எல்லாம் சந்தேகம், எல்லாம் கலைக்கு.

லுத்ஃபியா கூப்பிட்டாள். கோலா சுங்கை பாரு ஊரில் மளிகைக்கடைக்காரர் மகள். டேக் வேலைக்கெல்லாம் அவள்தான் தலைவி.

“அங்கிள், ஒங்களுக்குச் சந்தேகம்னா இனிமே என்கிட்ட கேளுங்க. கல பாவம், நைட் ஷிப்ட் முடிச்சு வந்து இதுக்குப் பதில் எழுதிக்கிட்டு இருக்கா.”

“சரிம்மா.”

“பூசாரி ஒரே ஆளுன்னு ஒங்களுக்குத் தெரியாதா அங்கிள்?” என்றாள்.

முட்டி வலி என்று ஏதோ உளறினேன். பூசாரிக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்?

“அவகிட்ட பேசி எத்தன நாளாச்சு?”

“அவளுக்கு வேலம்மா.”



செப்டம்பர் 10, செவ்வாய்

ஒரு புத்தி வந்தது, கெட்ட புத்தி. சிவப்பியையும் தனலட்சுமியையும் மறுபடி கட்டினால்? திட்டவாவது கூப்பிடுவாளே. விரலைக்கூட வைத்துவிட்டேன். பிறகு அந்தக் கிணற்றுக் கதை எழுதிய பிள்ளை நினைவுக்கு வந்தது. யாரோ ராத்தூக்கம் கெட்டு எழுதியது. என் வீட்டுக் கவலைக்கு அது ஏன் நாசமாக வேண்டும்?

போனை டேஷ்போர்டில் கவிழ்த்துவைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை.

நானே கூப்பிட்டால் என்ன? தூங்கிக்கொண்டிருந்தால்? இப்போதுதான் படுத்திருந்தால்? — வேண்டாம். கூப்பிடாதே என்று சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

டேக் ஒன்றும் பாக்கியில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். மற்ற டிரைவர்களோடு தூங்கிப் பார்த்தேன். வரவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

லீவு. காலையில் தளத்தைத் திறந்தேன். சிவப்பியும் தனலட்சுமியும் ஒரே கட்டாகக் கிடக்கிறார்கள்! நான் கண் போகப் பிரித்துவைத்தது அத்தனையும்! எவன் பார்த்த வேலை இது என்று பார்த்தால், கலை.

“ஏய் பாப்பா, ஒம்மக செஞ்ச காரியத்தப் பாரு! அன்னிக்கு என்னா திட்டுத் திட்டுனா என்னய! இப்ப அவளே—”

பாப்பா சட்னி அரைப்பதை நிறுத்திவிட்டு வந்து, போனைத் தூரப்பிடித்துப் படித்தாள். காரணக் கட்டத்தில் என் வார்த்தைகள் அப்படியே இருந்தன: ‘ஐசி பேர் வேறு, வீட்டுப் பேர் வேறு.’ அதற்கும் கீழே: ‘தப்பு என்று நினைப்பவர் போன் போட்டுத் திட்டவும். இன்று முழுக்க லீவு.’

“தப்புன்னு தெரிஞ்சும் ஏன் இப்படிச் செஞ்சிருக்கா?” என்றேன்.

பாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “மொதல்ல போனப் போடுங்க” என்றாள்.

போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

“சொல்லுங்கப்பா.”

“சிவப்பி வேற, தனலட்சுமி வேற!” என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம். சிரிப்பிலேயே இருமல் வந்தது.

“திட்டுங்கப்பா, நிறுத்தாதீங்க.”

சட்னியைப் போட்டது போட்டபடி பாப்பாவும் வந்து உட்கார்ந்தாள். தோசை ஆறிப்போயிற்று. கட்டை நாளைக்குப் பஸ்ஸில் அவிழ்த்துக்கொள்ளலாம்.