பிக்கப்புக்குக் கண் திறந்த வெள்ளிக்கிழமை

இலஞ்சி
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் குற்றாலீஸ்வரனுக்கு, தென்காசிச் சீமைத் தென்னந்தோப்புகளுக்கும் பதினெட்டு வருடப் பழைய பிக்கப் ஒன்றுக்கும் ஏகச் சக்கரவர்த்தியான உன் தளவாய்ச் சித்தப்பா எழுதுவது. நீ காவல் நிற்கிற பனிமலையில் உடம்புக்குச் சுகமா, மூக்கு நுனி உறையாமல் இருக்கிறதா. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதியும் விட்டேன், ஆனால் அந்தச் சுகத்தில் உன் மனைவி நிர்மலாவின் இடது மணிக்கட்டைச் சேர்க்கவில்லை. பதறாதே, எலும்பில் ஒரு கீறல், மாவுக்கட்டு போட்டிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. நடக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னை மிரட்டுகிறாள். நாய் குறுக்கே வந்து ஸ்கூட்டர் சரிந்தது என்று போனில் உனக்குச் சொல்லியிருக்கிறாள். நாய் குறுக்கே வரவில்லை மகனே. எதிரே நான்தான் வந்தேன். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை நீ பேசுகிற நாலு நிமிடமும் போன் அவள் கையில் இருக்கிறது, நான் பக்கத்தில் போனாலே கண்ணைக் காட்டி விரட்டுகிறாள். அதனால்தான் காகிதம்.

போன லீவில் நீ வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, சித்தப்பா, இது ஹெட்லைட்டா, ரெண்டு மின்மினியப் புடிச்சு அடைச்சு வச்சிருக்கீகளா என்று கேட்டாயே, நினைவிருக்கிறதா. காலண்டர் தாளின் பின்பக்கம் என்னென்ன மாற்ற வேண்டும் என்று வரிசையாக எழுதியும் கொடுத்தாய். அதில் கடைசி வரி, லோடு ஏற்றிக்கொண்டுதான் போகஸ், அதாவது வெளிச்சம் விழுகிற உயரம், வைக்க வேண்டும் என்பது. அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். பத்திரமாக வைத்ததுதான் வினை, அதற்கப்புறம் அதை யாரும் வாசிக்கவில்லை. உன் அப்பா, என் அண்ணன், ஹெட்லைட் மாற்றச் சம்மதித்ததே பெரிய காரியம். அப்போதே ஒன்று சொல்லிவிட்டார், ஏலே தளவாய், இந்த வண்டியால எவனுக்காவது ஒரு சிராய்ப்பு விழுந்துச்சுன்னா அன்னைக்கே வித்துப்புடுவேன் என்று. நான் சிரித்தேன். தென்காசி மெக்கானிக் சமீர் வண்டியைக் குடைந்து பார்த்து, ரிப்ளெக்டர் கருத்துப்போச்சு, வயர் நூலு மாதிரி இருக்கு, பல்புக்குக் கரண்டு பாதிதான் வந்து சேருது அண்ணாச்சி என்றான். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, ரிலே வைத்து, ரிப்ளெக்டர், பல்பு எல்லாம் புதிதாகப் போட்டான். பிறகு, நாளைக்குத் தேங்கா லோடோட வாங்க, பின்னால வெயிட் ஏறுனா வண்டி மூக்கத் தூக்கும், வெறும் வண்டில போகஸ் வச்சா வெளிச்சம் மேல போயிரும் என்றான். இங்கேதான் என் மகாபுத்தி வேலை செய்தது. ஏலே சமீரு, புதுசாக் கண்ணு தொறந்த வண்டில, சாமியப் பாக்குறதுக்கு முன்னால லோடு ஏத்துனா வெளங்குமா, இப்பமே வச்சிரு என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சுவரில் ஒரு கோடு போட்டு, வெறும் வண்டிக்கே போகஸ் வைத்தான். சாமி பாத்துட்டு லோடோட ஒருக்கா வந்துருங்க என்று பின்னாலேயே நடந்து வந்து சொன்னான். வருவேன் என்றேன். போகவில்லை.

போன வார வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் கண் திறப்பு விழா. சிலைக்குச் செய்கிற மாதிரி ஹெட்லைட்டுகளுக்கு முன்னால் கண்ணாடி பிடித்தேன், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம், இரண்டு கண்ணுக்கும் சந்தனப் பொட்டு. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கூட்டமே வேனை நிறுத்திப் போட்டோ எடுத்தது, ஒரு லட்சம் பேர் இருப்பார்கள், அதாவது பன்னிரண்டு பேர். அண்ணன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, வண்டிக்குக் கண்ணு தொறந்தாச்சு, ஓட்டுதவனுக்கு எப்பம்லே தொறக்கப் போற என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை. மேகம் மலையை விட்டு இறங்கித் தோப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது, சாரல் நிற்கவில்லை, அந்நேரத்துக்கே இருட்டு. ஆயிரம் தேங்காய் ஏற்றினோம், ஆசைப்பட்டு இன்னொரு நூறு போட்டேன், வண்டி பின்பக்கம் தணிந்து மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டது. லைட்டைப் போட்டேன். ஐந்தருவி மலையில் முடங்கிக் கிடந்த குரங்கெல்லாம் விடிந்துவிட்டது என்று எழுந்து பல் தேய்க்கப் போயிருக்கும், அப்படி ஒரு வெளிச்சம். புளியமரத்து உச்சிக் கிளையில் இலை இலையாக எண்ணலாம். ரோடு மட்டும் மங்கலாக இருந்தது, சாரல் என்று நினைத்துக்கொண்டேன். எதிரே வந்த பஸ் டிரைவர் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டான், புது வெளிச்சத்துக்கு மரியாதை செய்கிறான் என்று நானும் கையைத் தூக்கி ஆசி வழங்கினேன். அடுத்து ஒரு ஆட்டோ, அதற்கும் ஆசி. ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி என்னமோ சொன்னான், அது வாழ்த்து இல்லை என்று இப்போது புரிகிறது. டிம்மில்தான் வந்தேன், அது மட்டும் சத்தியம். குளத்துக்கரை வளைவில் திரும்பியபோது எதிரே ஒற்றை லைட் ஒன்று நேராக வந்தது, பிறகு ஆடியது, பிறகு இல்லை. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். வண்டிக்கு முன்னால் வானம் பகலாக இருக்கிறது, என் காலடி எனக்குத் தெரியவில்லை. கரை ஓரத்துக்கு ஓடினேன், போன் டார்ச்சை அமுக்கினேன். கீழே தண்ணீர், ஆனியில் குளம் நிறைந்து கிடக்கும், உனக்குத் தெரியுமே. யாரு, யாரு என்று கத்தினேன். பதில் இல்லை. பத்து மூச்சு விடுகிற நேரம் பதிலே இல்லை. மகனே, உன் சித்தப்பா எதையும் ஒன்றுக்கு நூறாகச் சொல்லுகிறவன், ஆனால் இந்தப் பத்தை நான் கூட்டவில்லை.

பிறகு கீழே இருந்து ஒரு குரல், எவம்லே அது, வண்டி ஓட்டுதியா, ஏரோப்ளேன எறக்குதியா, கண்ணு அவிஞ்சே போச்சு என்று. அந்தக் குரல் எனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் அரிசி அள்ளிப்போட்டு நான் கூட்டிக்கொண்டு வந்த குரல். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்து முடித்து வந்துகொண்டிருந்திருக்கிறாள். சரிவில் ஒரு உடை முள்மரத்து வேர் அவளைத் தாங்கியிருந்தது, ஸ்கூட்டரின் முன்சக்கரம் தண்ணீருக்குள் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிறகு, சின்ன மாமா, நின்னுக்கிட்டே இருக்கீகளே, தூக்குங்க, வலது கையப் புடிங்க என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வலியோடு அவள் சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா. நாயி குறுக்க வந்துட்டுன்னு சொல்லிருவோம், பெரிய மாமாவுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துருவாரு, வண்டி இல்லாம நீங்க ரெண்டு நாளு தாங்க மாட்டீக என்றாள். நானும் சரி என்று தலையை ஆட்டினேன். மீசை வைத்தவன் ஆட்டுகிற தலையா அது.

பொய் அதோடு நிற்கவில்லை. குளத்துக்கரை டீக்கடையில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும், நீயும் பிஸ்கட் போட்டிருக்கிறாய், அதுதான் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். எம் மருமகளத் தள்ளிவிட்ட நாயி அங்கன இருக்கக்கூடாது என்று பேரூராட்சியில் மனுக் கொடுத்து, நாய் பிடிக்கிற வண்டி நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை வருவதாக ஏற்பாடு. தினமும் அந்த வழியாகப் போகிறேன், அது என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. நிர்மலாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன், நீங்க சும்மா இருங்க, நாய நான் பாத்துக்கிடுதேன் என்கிறாள். என்னத்தைப் பார்ப்பாள், ஒரு கையை வைத்துக்கொண்டு.

இந்தப் புதன்கிழமை ஆயிரத்து நூறு தேங்காயை மறுபடி ஏற்றி சமீரிடம் போனேன். நிர்மலாவும் வந்தாள், நான் கூப்பிடவில்லை, அவளாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். சமீரின் ஸ்கூட்டரை இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, போடுங்க லைட்ட என்றாள். சமீர் திருகாணியைத் திருகத் திருக, இன்னும் கீழ, இன்னும் கீழ, கண்ணுல குத்துது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வெளிச்சம் அவள் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்கி, மாவுக்கட்டில் வந்து நின்றது. இப்பம் உங்க முகம் தெரியுது சின்ன மாமா என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை இன்று சாயங்காலம் அண்ணனுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் வாசிக்கப் போகிறேன், பிறகுதான் உறை ஒட்டுவேன். வண்டியை விற்றால் விற்கட்டும். நீ என்மேல் கோபப்படு, நியாயம், ஆனால் பொய் சொன்னாயே என்று அவளிடம் கேட்டுவிடாதே. உன் அம்மா அவளுக்கு ஆட்டுக்கால் சூப்பு வைத்து வைத்து ஊரில் ஆடே மிச்சமில்லை. நீ சாப்பாட்டைத் தவறவிடாதே, கம்பளிக் குல்லாயைக் கழற்றாதே. அங்கே மலைப்பாதையில் வண்டி எடுத்தால் லோடு ஏற்றினபிறகு ஒரு தடவை இறங்கி முன்னால் போய் நின்று லைட்டைப் பார், இது உனக்கு நான் சொல்லித்தருவது இல்லை, நீ சொன்னதைத்தான் திருப்பித் தருகிறேன். குற்றாலநாதர் உன் காலடியில் எப்போதும் வெளிச்சம் விழச் செய்யட்டும், நீ நூறாண்டு நல்லா இரு.

இப்படிக்கு,
வானத்துக்கு வெளிச்சம் காட்டிய
உன் சித்தப்பா தளவாய்

பின்குறிப்பு: திங்கள் காலை. வாசித்தேன். அண்ணன் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து ஆணியில் கிடந்த வண்டிச் சாவியை எடுத்து, நிர்மலாவின் நல்ல கையில் கொடுத்தார். இவனுக்கு என்னைக்குக் குடுக்கணும்னு நீ சொல்லுதியோ அன்னைக்குக் குடு என்றார். என்னிடம் ஒரே பேச்சு, மொதல்ல போயி அந்த மனுவ வாபஸ் வாங்கிட்டு வா என்று. நடந்துதான் போகிறேன். வழியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். செவலைக்கு இரண்டு பன் வாங்கிப் போட்டேன். தின்று முடித்துவிட்டது, இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.