பவுடர் கொட்டிய குட்டை

என் தங்கத்துக்கு,

உன் அண்ணன் கப்பல் இன்ஜினியர் ஆகிவிட்டான். தம்பி பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. நீயோ இறால் நோயை ஆராய்ந்து டாக்டர் பட்டமே வாங்கிவிட்டாய். ஐந்தாவதோடு நின்ற எனக்கு வேறென்ன வேணும்? பக்கத்து வீட்டு டீச்சர், "உங்க பேத்தி எனக்கு ஊசி போடுவாளா?" என்று கேட்டாள். "உனக்கும் இறால் மாதிரி மீசை முளைக்கட்டும், போடுவா" என்றேன்.

நம் இறால் குட்டையில் வெள்ளைப்புள்ளி நோய் என்று நீ எழுதிக் கொடுத்த மறுநாளே மீன்வளத் துறை ஆட்கள் வந்தார்கள். பிடிக்கிற பருவத்தில் இருந்த இறால் அத்தனையும் சாக, ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள்.

"மறைச்சிருந்தா சுத்துப்பட்டு குட்டையெல்லாம் செத்திருக்கும்டா" என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

"பெத்த அப்பன் குட்டைன்னு ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா அவ?" என்றான்.

அதோடு சரி. உன் பேச்சை எடுத்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுகிறான். நானும் எடுப்பதில்லை.

இப்போதைக்கு நீ வர வேண்டாம், கண்ணு. உனக்கும் வேலை இருக்கும்.

பட்டம் வாங்கின அன்று எடுத்த உன் போட்டோ மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும்தான் இருக்கிறது. புதிதாக ஒன்று தபாலில் அனுப்பு. டீச்சர் வீட்டு முகவரிக்கே அனுப்பு. தலையணை உறைக்குள் அடங்குகிற அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவைப் பெற்றவள்