இரண்டு கரண்டி உப்பு

என் மகளின் அப்பாவுக்கு,

இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இன்னும் ஆறு நாளில் உங்களுக்கு விடுதலை. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நேற்று சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வை ஒன்றை இஸ்திரியில் தீய்த்துவிட்டேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு பதற்றம் இருக்காது என்று மேற்பார்வை அக்கா கேலி செய்தாள்.

இந்தக் கடிதத்தைத் தச்சர் கொண்டுவந்து தருவார். விடுதலைக்குப் பிறகு குடும்பத்தோடு வாழ்வது பற்றிச் சிறையில் உங்களுக்கு வகுப்பு எடுக்கிறவர்தான் சனிக்கிழமைதோறும் தன் பட்டறையில் மனைவிமார் எங்களுக்கும் எடுக்கிறார். தானும் ஒரு காலத்தில் உள்ளே இருந்தவர் என்பதை அவர் ஒளிப்பதில்லை. "நான் வெளிய வந்தப்புறம் எங்க வீட்டுல ஒரு சண்டைகூட வரல. ஒரே வருஷத்துல அவ பொட்டி கட்டிட்டா" என்று சொல்லிவிட்டு ரம்பத்தைத் துடைக்கப் போய்விட்டார். சிறையில் பார்க்க வரும்போது நேர்காணல் அறையில் கணவரிடம் மறைத்த விஷயம் ஒன்றை எழுத வேண்டும், அவர் அதை உள்ளே இருக்கும்போதே படித்துவிட வேண்டும். இதுதான் வீட்டுப்பாடம். நான் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் மூன்று நாள் விடுப்பில் வந்தீர்களே, அது நீங்கள்தானா? கட்டிலை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டேன் என்றேன், சரி என்றீர்கள். மகளை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன் என்றேன், அதற்கும் சரி. குளியலறை வாசலில், யாரோ வந்து திறந்துவிடுவார்கள் என்பதுபோல் நின்றுகொண்டிருந்தீர்கள். தண்ணீர் குடிக்க மகளிடம் அனுமதி கேட்டீர்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மூன்றாம் நாள் பருப்பில் வேண்டுமென்றே இரண்டு கரண்டி உப்பை அள்ளிப் போட்டேன். மகள் ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டாள். நீங்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்றீர்கள். உப்பு ஒரு கல் கூடினாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுஷன் எங்கே போனார் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன்.

எனக்குப் புரியாமல் இல்லை. லாரி ஷெட் முதலாளியை ஸ்பேனரால் அடித்த நாளிலிருந்து உங்கள் கோபத்தைக் கண்டு நீங்களே நடுங்குகிறீர்கள். ஆனால் என் மேல் அந்தக் கை ஒருநாளும் ஓங்கியதில்லை. முகம் சுளிப்பதும் அடிப்பதும் ஒன்றா? நீங்கள் திரும்பிப் போன அன்று மகள் கேட்டாள்: "அப்பாவுக்கு நம்மளப் பிடிக்கலியா? எல்லாத்துக்கும் சரின்னே சொல்றாரு."

இப்போது என் வீட்டுப்பாடம். போன வருஷம் நம் கல்யாண நாளன்று பார்க்க வராததற்குக் காய்ச்சல் என்று காரணம் சொன்னேன். காய்ச்சல் இல்லை. சிறை வாசல் வரை வந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழே பேர்தான். திரும்பி நடந்துவிட்டேன். நேரே சினிமாவுக்குப் போனேன், இடைவேளையில் ஐஸ்கிரீம்கூட வாங்கித் தின்றேன். ஒரு பகல் முழுக்க யாருக்கும் மனைவியாக இல்லாமல் இருந்தேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த முறை பார்த்தபோது, "பரவாயில்ல, உடம்பப் பாத்துக்கோ" என்றீர்கள். அந்தப் பரவாயில்லை இன்னும் குத்திக்கொண்டே இருக்கிறது.

விடுதலை அன்று வெளியே நான் நிற்பேன், இந்தத் தடவை திரும்பமாட்டேன். வீட்டுக் கதவை நீங்களே திறந்துகொண்டு உள்ளே வாருங்கள். சாப்பிட்டதும் மகள் விளையாடப் போய்விடுவாள். அப்போது, அன்றைக்கு ஏன் வரவில்லை என்று என்னைக் கேளுங்கள். குரல் உயர்ந்தாலும் பரவாயில்லை. நானும் கேட்பேன், அந்த ஸ்பேனரைத் தூக்கும்போது எங்கள் நினைப்பு ஒரு நொடியாவது வந்ததா என்று. நாலு வருஷமாக, நேர்காணல் அறையில் கிடைக்கும் அந்த அரை மணி நேரத்துக்குள் கேட்க முடியாத கேள்வி அது. பதில் எதுவானாலும் நான் தாங்கிக்கொள்வேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நல்லபடியாக வீடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பருப்பில் உப்பை அள்ளிப் போட்டவள்