ரிப்பனுக்கு இடது பக்கம்

அன்புள்ள மெஹர்,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு முட்டிவலி குறைஞ்சுதா? நீ வேளைக்குச் சாப்புடுறியா? மஸ்கட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ்.

தம்பி மாலிக் வில்லியனூர்ல மளிகைக் கடை திறந்தப்போ நீ போன்ல எடுத்த வீடியோவை எடிட் பண்ணித் தரச் சொன்னான் இல்ல? சும்மா குடுத்தா நல்லாருக்காதேன்னு ஜூம் வைக்கக் கத்துக்கிட்டேன். முதல் தடவை வெச்ச வேகத்துல, ரூம்ல இருக்கற கமருதீன் தலை சுத்துதுன்னு எழுந்தே போயிட்டான்!

நேத்து, மாலிக் ரிப்பன் வெட்டுற இடத்துல, படத்தை மெதுவா இடது பக்கம் நகர்த்தி அரிசி மூட்டைங்களைக் கிட்டக் காட்டலாம்னு பாத்தேன். அங்க நம்ம பொண்ணு அஃப்ரின் குட்டி மூட்டையைப் புடிச்சுக்கினு நிக்கிறா. கையை விட்டா. ரெண்டு அடி நடந்துட்டுப் பொத்துனு உக்காந்துட்டா! எல்லாரும் ரிப்பனையே பாக்கறீங்க, போனைப் புடிச்ச நீயும்தான். போன வெள்ளிக்கிழமைதான் முதல்ல நடந்தான்னு சொன்னீங்களே, கடை திறந்தது அதுக்கு முந்தின வாரம்டி! முதல் அடியைப் பாத்தது வூட்டுல யாருமில்ல, நான்தான்!

படம் கொஞ்சம் மங்கல். ஆனா ரெண்டு கையையும் நீட்டிக்கினு உன்கிட்ட வர்றா. இங்கேர்ந்து பாத்தா என்கிட்ட வர்ற மாதிரியே இருக்குது.

ஊருக்கு வர்ற கமருதீன்கிட்ட பென்டிரைவும் இந்தக் கடிதமும் குடுத்தனுப்புறேன். அஃப்ரின் காலைத் தாள்ல வெச்சு வரைஞ்சு, அவன் திரும்பி வரும்போது அவன்கிட்டயே குடு, செருப்பு வாங்கணும்.

ஏர்போர்ட் வண்டி வந்துடுச்சு, அவன் கத்துறான். இனிமே அவ நடக்கும்போது நின்னுக்கினு எடுக்காத, குந்திக்கினு எடு. அவ மூஞ்சி என் மூஞ்சிக்கு நேரா வரட்டும்.

உன் யாசின்