பதினாறு பேர் போனால் பன்னிரண்டு நாளா?

றொசல்ல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் விஜிதரனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தங்கச்சியும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் கொழும்பில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் இரண்டு வார்த்தை கூடச் சொன்னதும் சிக்னல் இல்லை அம்மா என்று வெட்டிவிடுவாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, அதனால்தான் எழுதச் சொன்னேன். எழுதுவது தங்கச்சி ஜீவராணிதான். கடுமையாக ஏதாவது சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறாள், எழுதுடி என்று சொல்லிச் சொல்லி எழுத வைக்கிறேன், ஆகையால் இதில் இருக்கிற கோபம் எல்லாம் என்னுடையது, அவள் மேல் மனஸ்தாபப்படாதே.

தங்கச்சியைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தியது உனக்குத் தெரியும். கணக்கு வரவில்லை, வீட்டில் சும்மா இருப்பதற்கு என்னோடு மலைக்குக் கொழுந்து எடுக்க வரட்டும் என்று உன்னிடம் நானே சொன்னேன். அதிபர் பெரிய சார்தான் என்னைக் கூப்பிட்டு, கணக்கில் இவ்வளவு குறைய எடுக்கிற பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் ஓ எல் பரீட்சை எழுத விட்டால் பெயிலாகி உங்களுக்கும் மனக்கஷ்டம் பாடசாலைக்கும் கெட்ட பேர், தையல் பழகினால் நல்லது என்றார். வீட்டுக் கஷ்டத்தால் நாங்களே நிறுத்துகிறோம் என்று எழுதிய தாளை நீட்டினார். பெரிய சார் எதிரில் உட்கார வைத்துப் பேசிவிட்டாரே என்ற சந்தோஷத்தில் வாசித்துக்கூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, நன்றி சார் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். என் புத்தியை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

போன கிழமை மலையில் தேத்தண்ணி நேரத்தில் ரொட்டியைப் பிரித்தால் அது சுற்றியிருந்த தாள் தங்கச்சியின் கணக்குப் பரீட்சைத் தாள். பழைய தாள்தானே என்று காலையில் நான்தான் சுற்றினேன். நம்ம பெற்றீசியா உனக்குத் தெரியும்தானே, எந்தத் தாளைக் கண்டாலும் சத்தமாக வாசிக்காமல் இருக்க மாட்டாள். எட்டுப் பேர் ஒரு மலையை ஆறு நாளில் கொழுந்து எடுத்து முடித்தால் பதினாறு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று கேள்வி. தங்கச்சி மூன்று நாள் என்று எழுதியிருக்கிறாள். அதைச் சிவப்புப் பேனாவால் வெட்டி, பன்னிரண்டு நாள் என்று பக்கத்தில் திருத்தியிருக்கிறது. கொழுந்துக் கூடையோடு இருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்த சிரிப்பு அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். ஆள் கூடினால் நாளும் கூடுமா, அப்படியென்றால் அந்த எட்டுப் பேரும் பாத்தியில் உட்கார்ந்து கதைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க என்று பெற்றீசியா சொன்னாள். இன்னொருத்தி, இந்தக் கணக்கைத் தோட்டத்துத் துரைக்குக் காட்டிறாதீங்கடி, நாளைக்கே ஆளைக் குறைச்சிருவாரு என்றாள். ஜீவராணி மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சார்கிட்ட ஏன்டி கேட்கல என்று நான் கத்தினேன். சார் போட்டது பிழையா இருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்கம்மா என்று அவள் மெதுவாகச் சொன்னாள். வகுப்பில் மற்ற முப்பது பிள்ளைகளும் பன்னிரண்டு என்று எழுதிச் சரி வாங்கியிருக்கிறார்கள், ஏனென்றால் அப்படித்தான் பலகையில் எழுதிப் பாடமாக்க வைத்தது.

மறுநாள் அரை நாளோடு வேலையை விட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கையும் அவிழ்க்காமல் பாடசாலைக்குப் போனேன். கணக்குப் படிப்பிக்கிறது யார் தெரியுமா, சித்திர சார். அந்த மனுசன் பாவம், நான் என்ன அக்கா செய்ய, எனக்குப் படம் கீறத்தான் தெரியும், பழைய விடைத்தாளைப் பார்த்து எழுதிப் போடுறேன், அதுல பிழைன்னா பிழைதான் என்றார். அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. பெரிய சாரிடம் போய்க் கணக்கு டீச்சர் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்க கணக்குப் படிப்பிச்ச உங்க மகன் மாற்றமாகிப் போன பிறகு யாரும் வரலையே, நீங்க கொழும்புல படுக்கையில இருக்கிறதாத்தானே அவர் குடுத்த காகிதத்துல இருக்கு என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை எடுக்கிற என் கிளினிக் புத்தகத்தை ஒருநாள் போட்டோ எடுக்க வேணும் அம்மா என்று ஏன் வாங்கிக்கொண்டு போனாய் என்று. பெற்ற தாயைப் படுக்கையில் போட்டுக் கொழும்புக்கு இடமாற்றம் வாங்கியிருக்கிறாய். படிக்க வைத்த பிள்ளை கேட்கிறானே, ஏதோ நல்லதுக்குத்தான் என்று முந்தானையில் துடைத்துக் கொடுத்தேனே. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தோட்டத்துப் பிள்ளைகளையே எடுக்கிறோம் என்றுதான் உனக்கு அந்த நியமனமே கிடைத்தது. அதற்கு நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. கணக்கில் பெயிலாகித் திரும்ப எழுதினாய், விடிய முன்னே எழும்பி ஹட்டனுக்கு நடந்து படித்தாய், உதவி ஆசிரியர் என்ற பேரோடு எத்தனை வருசம் ஆசிரியர் அல்லாத ஆசிரியராக நின்றாய். அந்தப் பாடு இனி ஒரு பிள்ளை படக்கூடாது என்று நினைக்க வேண்டியவன், ஏறி வந்த ஏணியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஜீவராணிக்கும் டீச்சராக ஆசை, உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டாள். கணக்குப் பாஸ் இல்லாமல் டீச்சராக முடியாது, டீச்சர் இல்லாமல் கணக்குப் பாஸ் பண்ண முடியாது, இந்த நூல் கண்டில் நுனி எங்கே இருக்கிறது என்று படித்த நீயே சொல்லு. அங்கே வசதியாக இருக்கிறது என்று நீ சொல்லலாம், வசதி யாருக்குத்தான் பிடிக்காது.

பெரிய சாரை நான் விடவில்லை. கணக்கு டீச்சர் வந்தால் பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் திரும்ப எடுக்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆகையால் இப்போது எல்லாம் உன் கையில். நான் கொழும்பில் இல்லை, படுக்கையிலும் இல்லை என்று ஹட்டன் கல்வி ஒப்பீசுக்கு ஒரு கடிதம் எழுது என்று தங்கச்சியிடம் சொன்னேன். வாய் திறக்காத பிள்ளை, அண்ணனுக்கு எதிரா நான் எழுத மாட்டேம்மா, நீங்க அடிச்சாலும் எழுத மாட்டேன் என்று அழுதுவிட்டாள். அவளுக்கு உன் மேல் இருக்கிற பாசத்தில் பாதி உனக்கு அவள் மேல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. எனக்கு என் பேரைத் தவிர வேறு எழுத வராது, ஆனால் பேச வரும். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை ஒப்பீசில் ஆட்களைப் பார்க்கிற நாள். அன்றைக்குக் காலையில் நான் அங்கே வாசலில் நிற்பேன். அதற்கு முதல் நீயாக வந்து, நான் திரும்பி வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் வாயைத் திறக்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவேன். வராவிட்டால் உள்ளே போவேன். உனக்கு வேலை போகும் என்று அப்பா பயப்படுகிறார், எனக்கும் பயம்தான், ஆனாலும் போவேன்.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுசையும் அதோடு கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும். பனியில் வருவாய், தலையை மூடிக்கொண்டு வா. ஓ எல் கணக்கை நீ இரண்டாம் தரம் எழுதியபோது படித்த கொப்பிகள் உன்னிடம்தான் இருக்கின்றன, வரும்போது மறக்காமல் கொண்டு வா. வர மனமில்லை என்றால் அவற்றை மட்டுமாவது பார்சலில் போட்டுவிடு, தங்கச்சி தானாகவே பார்த்துப் படிக்கிறாளாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
நாகலெட்சுமி.