மஞ்சள் போட்டுக் கழுவிய பறவைக்கூடு

விருத்தாசலம்,
13-11-2006

அன்புள்ள சாருலதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதை வானிலை அறிக்கைக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, அம்மா சமையலறையில் இருக்கிறாள், நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை. அதனால்தான் கடிதம். நீ கேட்டதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம், ஆனால் அந்த ஒரு வரி என்ன பாடுபட்டு வந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

வெய் மிங்கைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன், ஆனால் அம்மா சரி என்று சொன்னால்தான் தேதி வைப்போம் என்று நீ ஆவணியில் சொன்னாய். அன்றிலிருந்து அம்மா அந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. சரி என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. உன் பெயரை எடுத்தால் எழுந்துபோய் அடுப்பைத் துடைப்பாள். இந்த மூன்று மாதத்தில் நம் வீட்டு அடுப்பைப் போலச் சுத்தமான அடுப்பு கடலூர் மாவட்டத்திலேயே இருந்திருக்காது. அவளுக்கும் சேர்த்து உன் ராஜாங்கம் சித்தப்பா பேசினார். பெண்ணைச் சீனாக்காரனுக்கா கொடுப்பது என்றார். சிங்கப்பூர்க்காரன் என்றேன். எல்லாம் ஒன்றுதான் என்றார். பெண்ணாடத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் போன செவ்வாய்க்கிழமை, உன் ஆபீஸ் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் கம்மாபுரத்து மாயவன் லீவுக்கு வந்தவர், நீ கொடுத்தனுப்பிய பெட்டியைக் கொண்டுவந்தார். சிவப்பு வெல்வெட்டைத் திறந்தால் நகை இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய்ச் சில்லு மாதிரி ஐந்து வெள்ளை வஸ்துக்கள், கூடவே மூடி போட்ட ஒரு பீங்கான் ஜாடி. வெய் மிங்கின் தாயார் அம்மாவின் உடம்புக்குத் தெம்பாக அனுப்பியது என்றும், பறவைக்கூடு என்றும், எப்படிச் சமைப்பது என்று அவர் சொல்லச்சொல்ல எழுதியது என்றும் உன் கையெழுத்தில் ஒரு தாள். எதனால் கட்டிய கூடு என்று மட்டும் எழுதவில்லை. எதை எழுதாமல் விடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது, என் மகள்தான் நீ. நான் நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தேன். ஒரு வகை உழவாரக் குருவி குகைச் சுவரில் தன் எச்சிலை நூல் நூலாக இழுத்துக் கூடு கட்டுகிறது, அது காய்ந்து கெட்டியாகிறது. மனிதன் உயிரைப் பணயம் வைத்து ஏணியில் ஏறி அதைப் பெயர்த்து வந்து, ஊறவைத்து, மறுபடி எச்சில் பதத்துக்குக் கொண்டுவந்து, சர்க்கரை போட்டுக் குடிக்கிறான். இத்தனை ஆயிரம் வருஷ நாகரிகம் நடையாய் நடந்து வந்து சேர்ந்த இடம் இது. டம்ளரில் உதடு பட்டுவிட்டால் எடுத்துப்போய்த் தேய்க்கப் போடுகிற வீட்டுக்கு அதை அனுப்பி வைத்திருக்கிறீர்கள்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. முட்டை இருந்ததா, ஏதாவது உயிர் போனதா. குஞ்சு பறந்துபோன பிறகுதான் எடுக்கிறார்கள் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது என்றேன். வியாபாரி சொன்னதை நான் நம்பியது அன்றைக்கு ஒரு நாள்தான். எச்சில் சமாசாரத்தை நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கூட்டைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தேன். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. அம்மா ஒரு கரண்டி மஞ்சள்தூளைப் போட்டிருக்கிறாள். பறவை குடியிருந்த இடம், தீட்டுப் போக வேண்டாமா என்றாள். எண்ணெய்க் கை படக்கூடாது, உப்பு படக்கூடாது என்று உன் தாளில் எட்டு எச்சரிக்கை இருந்தது, மஞ்சளைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த அம்மாளுக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும். நாலு தண்ணீர் அலசியும் கூடு கல்யாணப் பத்திரிகையின் ஓரம் போலவே இருந்தது.

அடுத்தது இறகு பொறுக்குவது. ஊறிப் பெருத்த கூட்டில் தூசி மாதிரி கறுப்பு இறகுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுக்கவேண்டுமாம். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் ஏழு எடுத்தேன். அதில் மூன்று என் புருவத்திலிருந்து விழுந்தவை என்றாள் அம்மா. தட்டைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் இரண்டே முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கீரை ஆய்வதில் அவள் கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியும், ஆனால் கீரை இவ்வளவு கேவலமாக யாரையும் நடத்தியதில்லை. பாதியில் தலை நிமிராமல், அந்தம்மா இதை அடிக்கடி செய்யறாங்களா என்று கேட்டாள். உன் தாளைப் பார்த்து, பிள்ளைக்குப் பரீட்சை என்றால் செய்வார்களாம், பெரிய மகள் பிரசவத்துக்கு நாற்பது நாளும் செய்தார்களாம் என்றேன். ஒவ்வொண்ணா பொறுக்கியா என்றாள். ஆமாம் என்றேன். வேலைக்கு ஆள் இல்லையா என்றாள். இல்லையாம் என்றேன். இன்னும் நாலு இறகு எடுத்தாள். பிறகு, அந்தப் பையன் ஒல்லியா குண்டா என்று கேட்டாள். மூன்று மாதத்தில் அவனைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி, நான் மூச்சுவிடாமல் ஒல்லி என்றேன். இத்தனை தின்னும் ஒல்லியா என்றாள்.

அவிப்பதற்கு ஜாடியை எடுத்தேன். தொழிற்பேட்டைச் சூளையில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவன் வீட்டுக்குப் பீங்கான் அனுப்ப என்ன துணிச்சல் என்று, தட்டியும் தடவியும் குறை தேடினேன். மூடி வாயில் உட்கார்ந்திருந்த விதத்தில் ஒரு குறையும் அகப்படவில்லை, அன்று முழுக்க எனக்கு அது எரிச்சலாகவே இருந்தது. கூட்டையும் கற்கண்டையும் அதில் போட்டு, இட்லிப் பானைக்குள் இறக்கி, சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வைத்தோம். திறந்தபோது அம்மா முட்டை வாசனை என்றாள். நம் வீட்டில் முட்டையே வந்ததில்லை, அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கிண்ணத்தில் ஊற்றினால் ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கும் சுவரொட்டிப் பசைக்கும் நடுவில், மஞ்சளாக, ஒன்று கிடந்தது.

அவள் ஸ்பூனை எடுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. தெரியாமல் ஊட்டிவிட்டு அதன் பேரில் அவளிடமிருந்து ஒரு சரியை வாங்கினால் அது எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம். ஜயா, அந்தக் குருவி இதை எச்சிலால் கட்டுகிறது என்று சொல்லிவிட்டேன். ஸ்பூனைக் கீழே வைத்தாள். உன் கல்யாணம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், அடுப்பைத் துடைக்கப் போவாள் என்று வழியும் விட்டேன். அவள் போகவில்லை. சாரு கடிச்சுப் போட்ட பிஸ்கட்டையும் தோசையையும் இத்தனை வருஷம் யாரு தின்னது, நீங்களா என்று கேட்டாள். ஸ்பூனை எடுத்து நாலு வாய் சாப்பிட்டாள். ஒரு ருசியும் இல்ல, இதுக்கு ஜவ்வரிசி எவ்வளவோ தேவலை என்றாள். மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள். நானும் குடித்தேன். அவள் சொன்னது சரி.

ஆகவே தையில் தேதி பார்க்கலாம். அந்த அம்மாள் மார்கழியில் இங்கே வர நினைக்கிறார் என்று எழுதியிருந்தாயே, வரட்டும், மொட்டைமாடி அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், அந்தச் சந்தோஷத்தை எனக்கு விட்டுவிடு. கூடு பிரமாதம் என்று வெய் மிங்கின் தாயாரிடம் சொல், மஞ்சளைச் சொல்லாதே. மீதி நாலும் அலமாரியில் இருக்கிறது, இனி அனுப்ப வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக, சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக்கொள்கிறவர்களாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஒரு விஷயம் மறக்காமல் கேட்டு உடனே எழுது: சம்பந்தியம்மா காரம் சாப்பிடுவாங்களா. இது நான் போட்ட சொல் அல்ல, அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சுந்தரேசன்